அரங்கசாமியின் அறுபத்தொன்று

அரங்கசாமி என்ற பேரை நான் முதலில் கேட்டது, என் சின்ன நாத்தனார் மகள் சீரின்போது. நெல் அளக்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். "கோபி மண்டியில வெங்கடபதி மகன் அரங்கசாமின்னு ஒருத்தர் இருக்காருங்க. அவர் அளந்தா மறு அளவு வேண்டாமுங்க" என்றார் நாத்தனார். அப்போது அவர் மீசை கறுப்பு.

நெல் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். அடுத்ததுதான் இரண்டு. நாற்பது வருடம் அப்படி அளந்தவர், மண்டியை விட்டபின் வள்ளிக்கும்மி பழக்க ஆரம்பித்தார்.

போன மாசியில் அரங்கேற்றம். அறுபது பேர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாட்டுக்குப் பாட்டு வட்டம் பிரியும். அறுபது பேரை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எப்படிப் பிரித்தாலும் ஆள் மிஞ்சாது. பேர்களை எண்ணியது அவர் மனைவி வெங்கடம்மாள். புருசனைப் போலவே லாபம் என்று தொடங்கியவர், அடுத்த பேரை ஒன்று என்றுவிட்டார். நாலு ஊரில் தனித்தனியாகப் பழகியதால் யாருக்கும் தெரியவில்லை.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் மாலை எல்லோரும் கோயில் மைதானத்தில் கூடினபோது ஓர் ஆள் மிச்சம். கடைசியாக வந்து நின்றது என் சம்பந்தி நாச்சியம்மாள்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு மாசமா அடுப்புல சோத்தைக் கருகவுட்டுப்போட்டு வந்து பழகுனனுங்க. என்னைய ஊட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

"இருங்க அம்மணி, பாப்போம்" என்றார் அரங்கசாமி.

இரண்டாகப் பிரித்தார், ஒருவர் மிச்சம். மூன்றாக, நான்காக, அப்போதும் ஒருவர். ஏழாகப் பிரித்தால் ஐந்து பேர் மிச்சம். அறுபத்தொன்று எதற்கும் வளையாத எண்.

"லாபத்தைப் போயி ஆராச்சும் வெளிய தள்ளுவாங்களா, அத்தை?" என்று ஆட வந்திருந்த மதிவதனி வெங்கடம்மாளைச் சீண்டினாள்.

டீ வந்தது. ஆட்டக்காரர்கள் குடித்துப்போட்ட காகித டம்ளர்களை எல்லாம் அரங்கசாமி பொறுக்கினார். ஒன்றைத் தரையில் கவிழ்த்தார். அதை ஒட்டிச் சுற்றிலும் வைத்தார், ஆறுதான் நின்றது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு. பிறகு பதினெட்டு, பிறகு இருபத்துநான்கு. கடைசி டம்ளர் கடைசி இடைவெளியில் போய் உட்கார்ந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"பிரிக்கத்தான் முடியாது. சுத்தி நிக்க வெக்கலாம்" என்றவர், "நடுவுல நீங்க நில்லுங்க அம்மணி" என்றார்.

"நடுவுலயா? எனக்கு அடி தப்புமுங்களே!"

"தப்பட்டும். உங்களைப் பாத்துத்தான் மத்தவங்க ஆடோணும். நீங்க தப்புனா அத்தனை பேரும் ஒண்ணாத் தப்புவாங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

மறுநாள் நாலு வட்டமும் நாச்சியம்மாளைச் சுற்றி ஆடின. மூன்றாம் பாட்டில் அடி தப்பியதாம். என்னிடம் மட்டும் சொன்னார். நானும் முன்வரிசையில்தான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

அரங்கசாமி இப்போது கவுந்தப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் கும்மி பழக்குகிறார். குழுவில் அறுபத்தொரு பேர், எண்ணியது அவரேதான்.