வெளியே உட்காரவைத்தார்கள்

என் தலையைத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்னார்கள். "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா" என்று தஞ்சாவூர் டாக்டர் என்னை அனுப்பிவிட்டு, மூளையில் கட்டி என்று என் கணவரிடம் சொன்னார். வெளியே வந்த இவர், "நரம்புத் தளர்ச்சியாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பாசம். பெரிய வியாதி வந்தால் ஊருக்கே தெரியும், வந்தவளுக்கு மட்டும் தெரியாது. திருத்துறைப்பூண்டி நாத்தனார் ஆப்பிளோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சம்பா நடவுக்கு ஆள் சொல்லக் கிளம்பினால், வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்கிறார் இவர். இருபது வருடமாக அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டியவள் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால், "உனக்கு டென்ஷன் ஆகாது" என்று அடக்கினார்.

மண்டையில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். "சும்மா ஒரு டெஸ்ட்" என்றார் இவர். அதற்கு முதல் நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தபோது இவர் டீ குடிக்கப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் என்னிடமே கேட்டார் அந்த டாக்டரம்மா.

"உங்க அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க. நடவு நட்டுக்கிட்டு இருக்கும்போதே தலை வெடிக்குதுன்னாங்க. கையில நாத்தோட சேத்துல சாஞ்சாங்க. சாயங்காலமே போயிட்டாங்க. வெயில் தாக்கிடுச்சுன்னு சொன்னாங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஊசியை நிறுத்தினார்கள். ரத்தக் குழாய்களைக் காட்டும் வேறு படம் எடுத்தார்கள். கட்டியே இல்லை. ரத்தக் குழாய் ஒன்று பலூன் மாதிரி உப்பி, உள்ளே ரத்தம் உறைந்து, முதல் படத்தில் கட்டியாகத் தெரிந்திருக்கிறது. ஊசி குத்தியிருந்தால் அங்கேயே போயிருப்பேன். என் அம்மாவுக்கு வெடித்ததும் இதுவாகத்தான் இருக்குமாம், வெயில் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது தலையில் கோளாறு உண்டா என்று முதல் டாக்டரும் கேட்டாராம். "யாருக்கும் இல்லீங்க" என்றாராம் இவர். என் அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடுமே!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடப் பிறந்தவர்களுக்கும் ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். திருவாரூரில் என் தங்கை இருக்கிறாள்.

"அவகிட்ட இப்ப சொல்லாத, பயந்துடுவா. சகலைகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார் இவர்.

தையல் போட்ட தலையோடு, அவர் எதிரிலேயே போன் போட்டேன். தங்கையின் கணவர்தான் எடுத்தார்.

"என்ன விஷயம் அண்ணி? என்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்ட இல்லீங்க. அவகிட்ட குடுங்க."