சேத்தியாத்தோப்பு ராஜாமணியின் கேள்வி

எனக்குப் பெயர் வைத்த மறுமாதமே அது அச்சில் வந்துவிட்டது. ‘விருத்தாசலம் தேன்மொழி’ என்று. அப்போது எனக்குத் தலைகூட நிற்கவில்லை. ஆனால் ஒரு பழைய படப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் வயலினைப் பற்றி அரைப் பக்கம் கருத்துச் சொல்லியிருந்தேன்.

எழுதியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பீங்கான் கம்பெனியில் கல் அரைக்கும் மிஷினில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்த மாதிரிக் கம்பெனிகளில்தான் வேலை. பியூஸ் கட்டையோ பொம்மையோ எதையாவது சுட்டு லாரியில் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மாமா வேலை முடிந்து வரும்போது புருவம் முதல் கால் விரல் வரை வெள்ளையாக இருப்பார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கையில் பாட்டுப் பத்திரிகை இருக்கும்.

அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். வீட்டில் நாங்கள் ‘பாட்டு புக்கு’ என்போம். மாதம் ஒருமுறை வரும். நடிகை யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதெல்லாம் அதில் இருக்காது. எந்தப் பாட்டில் யார் புல்லாங்குழல் வாசித்தார், பாடகர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், இதுதான் விஷயம். கடைசி நான்கு பக்கம் வாசகர் கடிதம். மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார்கள்.

மாமா முதலில் தன் பெயரில்தான் எழுதினார். அதைக் கம்பெனியில் யாரோ கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் வரிசையில் நிற்கவைத்து, “பாட்டு கேக்குற காதுக்கு சைரன் சத்தம் மட்டும் கேக்க மாட்டேங்குதா?” என்றாராம். அதோடு மாமா பெயரை மாற்றிக்கொண்டார். வீட்டில் புதிதாகப் பிறந்த ஒரு பெயர் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டார்.

எனக்கு விவரம் தெரிந்தபோது என் பெயர் மாதாமாதம் புத்தகத்தில் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டி நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்லை. மாமா என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். யார் கேட்டாலும் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அவர் பெயர் வெளியே வரக் கூடாது. எனக்கென்ன வலிக்குதா, சந்தோஷமாகச் சத்தியம் செய்தேன்.

நான் நான்காவது படிக்கும்போது மாமா வேலையை விட்டு நின்றார். நெஞ்சுக்குள் கல்தூசி தங்கிவிட்டது, இனி எடுக்க முடியாது என்று கடலூர் டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சுக்காகக் கொடுத்த மாத்திரையில் கை நடுங்கியது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி சொல்வார், இழுத்து மூச்சு வாங்குவார், அடுத்த வரி சொல்வார். அந்த இடைவெளியில் நான் பென்சில் சீவுவேன். அச்சில் வந்தது என் பெயர், அஞ்சலில் போனது என் கையெழுத்து. கடிதமே என்னுடையது என்று எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

சேத்தியாத்தோப்பு ராஜாமணி அந்தச் சமயத்தில்தான் கடிதப் பக்கத்துக்கு வந்தார். முதல் கடிதத்திலேயே தேன்மொழி சொன்னது தப்பு, அது வயலின் இல்லை என்று வம்புக்கு இழுத்தார். மாமா பதில் எழுதினார். அவர் அதற்குப் பதில் எழுதினார். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினால் கம்மாபுரம் தாண்டி வரும் ஊர்தான். ஆனால் புத்தகத்தில் பெயரும் ஊரும்தான் போடுவார்கள், முகவரி போட மாட்டார்கள். ராஜாமணி ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. மாமாவின் கூட்டாளியான மொபைல் கடை பாய் பெண்தான் என்று அடித்துச் சொல்வார். “பொம்பளைங்கதான் இவ்வளோ நாளு சண்டைய ஞாபகம் வச்சுப் போடுவாங்க” என்பது அவர் கட்சி. மாமா சிரிப்பார், சிரித்தால் இருமல் வந்துவிடும்.

ஒரு மாதம் ராஜாமணியின் கடிதத்தில் சண்டை இல்லை. வாழ்க்கைத் துணை தவறி மூன்று மாதம் ஆகிறது என்றும், அந்த வாய் எப்போதும் முணுமுணுத்த பாட்டு ஒன்று எங்கே கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன் என்றும் எழுதியிருந்தார். ‘இனி அந்தப் பாட்டைக் கேட்காமலே இருந்துவிடுவதா, கேட்டுப் பழகுவதா? விருத்தாசலம் தேன்மொழி பதில் சொல்லட்டும்’ என்று முடித்திருந்தார்.

மாமா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பினார். பின்னட்டையில் ஒரு கட்டம். தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த இதழோடு நிறுத்திக்கொள்கிறோம், இத்தனை காலம் ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி. அவ்வளவுதான்.

மறுநாள் மாமாவைப் பார்க்க நான்கு பேர் வந்தார்கள். மொபைல் கடை பாய், ஒரு பஸ் கண்டக்டர், இன்னும் இரண்டு பேர். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் போலவே செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மா டீ கொடுத்தாள். கண்டக்டர்தான் முதலில் அழுதார். பெரிய மீசை வைத்த மனிதர், ஒரு புத்தகத்துக்காக அழுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் தன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவர். “என் கையாலயே ஏத்தி வுட்டு ஏத்தி வுட்டு கொன்னுட்டனா மாமா? ஆயிரம் பாட்டு கேக்குறான், ஒண்ணு யாரு போட்டதுன்னு தெரியாது அவனுக்கு” என்றார். மாமாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார், மாமா அவரை மாப்ள என்பார்.

மாமாவுக்கு அழுகை வரவில்லை. பதில் எழுத வேண்டும் என்ற ஒன்றுதான் அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயந்திரமே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீளமான கடிதம். பத்திரிகை ஆபீசுக்கே அனுப்பினோம், அங்கிருந்து ராஜாமணிக்கு அனுப்பிவைக்கச் சொல்லி. பத்து நாளில் அது சிவப்பு மையில் கிறுக்கலோடு திரும்பி வந்தது. ஆபீஸ் பூட்டியிருந்ததாம். மாமா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிளெக்ஸ் வைக்கும் யோசனை பாயுடையது. எங்கள் ஊரில் யார் செத்தாலும் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் தொங்கும். நடுவில் செத்தவர் படம், மேலே தோற்றம், மறைவு, கீழே வருந்துகிறவர்கள் பெயர். அதே மாதிரி புத்தகத்துக்கும் வைப்போம் என்றார் பாய். மாமா உடனே பிடித்துக்கொண்டார். தேன்மொழி பெயரை எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் போட வேண்டும், எங்கள் தெருப் பெயரையும் போட வேண்டும், பிளெக்ஸ் சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ராஜாமணி என்றைக்காவது அந்த பஸ்ஸில் வராமலா போய்விடுவார் என்பது அவர் கணக்கு. பிளெக்ஸ் கடைக்காரர் படத்துக்குப் பதில் அட்டையை வாங்கிக்கொண்டு, “வயசு என்னா போடணும்?” என்று கேட்டிருக்கிறார். பாய் பதினெட்டு என்றதும், “ச்சே, பதினெட்டு வயசா” என்று உச்சுக்கொட்டினாராம்.

பிளெக்ஸ் வைத்த அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, “உங்க வூட்ல யாரும்மா தவறிட்டாங்க?” என்று பரிவாகக் கேட்டார். புக்கு டீச்சர் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று சொல்வதற்கில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். மாமா விடிய விடிய இருமிவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தார். “யாரு வந்தாலும் எழுப்பாத. பேசி வாசலோட அனுப்பிடு” என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெல் வியாபாரிகள் வைத்திருப்பது மாதிரி கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. வியர்த்து வழிந்தது.

“தேன்மொழிங்கிறவங்க வூடு இதுங்களா?”

“நான்தான் தேன்மொழி.”

அவர் சிரித்தார். “நீயா? பாட்டு புக்குல எழுதுவாங்களே, அவங்கள கேக்குறேன் பாப்பா. சேத்தியாத்தோப்பு ராஜாமணி வந்திருக்கேன்னு சொல்லு.”

ஆம்பளையா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. பாய் தோற்றுப்போனார் என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்ததாகச் சத்தியம் ஞாபகம் வந்தது.

“நான்தாங்க எழுதுறேன்” என்றேன்.

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? நான் விடவில்லை. என் கையால் எழுதிய கடிதங்களில் மனப்பாடமாக இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின் நின்று புல்லாங்குழல் வருகிறது, அவர் எதைத் தப்பாகச் சொன்னார், நான் எப்படித் திருத்தினேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

“என் வூட்டுக்காரம்மா தவறுனத எழுதியிருந்தனே. அதயும் நீயா படிச்ச?”

“ரெண்டு தடவ படிச்சேன்.”

அதற்குள் அவர் கக்கத்துப் பையைத் திறந்திருந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு போஸ்ட் கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. மேல் கார்டில் ஏற்கெனவே அவருடைய முகவரியை எழுதியிருந்தார், எனக்குத்தான் அதைப் படித்துவைக்கத் தோன்றவில்லை. புக்கு நின்றாலும் இதிலே எழுதிக்கொள்ளலாமே என்று கொண்டுவந்தேன் என்று என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அதை எனக்குக் கொடுக்கவில்லை. ஐம்பது வயது மனிதர் பதினோரு வயதுப் பெண்பிள்ளைக்குக் கார்டு எழுதுவதாவது. ஜிப்பை இழுத்து மூடினார்.

“பெரியவங்க யாரும் இல்லியா?”

“அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க. மாமா தூங்குறாரு, எழுப்பக் கூடாது.”

சரிம்மா என்று திரும்பினார். நாலடி போனவர் நின்று, விளையாட்டுக்குக் கேட்பது போல, “நான் கேட்ட கேள்விக்கு பதில் எழுதுனியா?” என்றார். எழுதினேன் என்றேன். “என்னா எழுதுன?”

நீளமான கடிதம் என்று சொன்னேனே, எனக்கு அது மனப்பாடம் இல்லை. தெரியாது என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அந்தப் பாட்ட கேக்காதீங்க. வேற பாட்டு எவ்வளவோ இருக்குது.”

அவர் தலையை ஆட்டினார். “நல்லா படிம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வருவதற்குள் மாமா விழித்துவிட்டார். நான் ஓடிப்போய், ராஜாமணி வந்தார், ஆம்பளை, உங்களைக் காட்டிக்கொடுக்கவே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். மாமா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான்கூடப் போடாமல் வெளியே வந்தார். பல மாதமாக வாசலைத் தாண்டாத மனிதர், தெரு முனைக் குடிநீர்க் குழாய் வரைக்கும் நடந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. குழாய் மேடையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தார். உதடு நீலமாகிவிட்டது. “பாய்க்கு போன் போடச் சொல்லு, பஸ் ஸ்டாண்ட பாக்கச் சொல்லு” என்று சைகையும் பாதி வார்த்தையுமாகச் சொன்னார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா போன் போட்டாள். பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். பஸ் எடுத்துவிட்டிருந்தது.

மறுநாள் பாயும் கண்டக்டரும் பைக்கில் சேத்தியாத்தோப்புக்கே போய் விசாரித்தார்கள். கோழிக்கடை ராஜாமணி ஒருவர் இருந்தார். அவர் கல்யாணமே ஆகாதவர், பாட்டும் கேட்பதில்லை. எங்கள் ராஜாமணியின் உண்மையான பெயர் என்னவோ, யார் கண்டது. மாமா என் பெயரை எடுத்துக்கொண்டது மாதிரி அவரும் எதையாவது எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷப் பொங்கலைப் பார்க்காமலே மாமா போய்விட்டார். திரும்பி வந்த கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. ‘கேளுங்கள். ஆனால் முழுவதையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். இந்த மாதம் முதலில் வரும் இசையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் எது வரைக்கும் கேட்கலாம் என்று சொல்கிறேன்’ என்று என் கோணல் கையெழுத்தில் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் அந்தக் கேட்டில் நிற்கும் பதினோரு வயதுப் பெண்ணை இழுத்து ஓர் அறை விடலாம் போல் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை குழாயடியிலிருந்து மாமாவைத் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பதில் கேட்டாரா பாப்பா?”

“கேட்டாரு மாமா. அந்தப் பாட்ட கேக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

மாமா என்னையே பார்த்தார். என் தலையில் கை வைத்து, “சரி, வுடு. நீ என்னா பண்ணுவ” என்றார். அவருக்கு என்மேல் கோபமில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. வெயில் தாழ்ந்திருந்தது. நான் தெருவுக்கு விளையாடப் போய்விட்டேன்.