உயிரோடிருக்கிறேன் என்று எழுதாத தாள்

மனிதர் உயிரோடிருக்கிறார் என்பதை ஆண்டுக்கொருமுறை தாளில் நிறுவிக் கொடுப்பதே என் தொழில். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அங்கிருந்து உயிர்ச்சான்றுப் படிவம் வரும். அதை நிரப்பி, முத்திரை பெற்று அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். காலைப் பூசை முடிந்ததும் மாதா கோவில் வளாகத்தில் மேசையிட்டு அப்படிவங்களைப் பிரெஞ்சில் எழுதித் தருகிறேன். ஏதேனும் ஓர் அலுவலகச் சன்னலின் முன், தாம் தாம்தான் என்று மெய்ப்பிக்க நின்ற அன்பர்கள் என் பாட்டை அறிவார்கள்.

களஞ்சியம்

பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய அந்துவான், மாடிமேல் மாடியாக வீடு கட்டியவர். தம் படிவம் தபாலில் சேர்ந்ததா என்று ஒரே வாரத்தில் மூன்று முறை வந்து கேட்டார். நான் பொறுமையிழந்து, பெரிய களஞ்சியங்கள் கட்டத் திட்டமிட்டு, அன்றிரவே உயிர்விட்ட செல்வந்தனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நினைவூட்டினேன். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே என்றே அழைக்கும் அவர் சற்றும் அசையவில்லை.

"அவனுக்குப் பென்ஷன் இல்ல முசே. அதான் களஞ்சியம் கட்டப் பாத்தான்."

ஒரு கேள்வி

மதாம் தெரேஸ் அம்மாள் படைவீரர் ஒருவரின் கைம்பெண். கணவரின் ஓய்வூதியத்தில் தனியே வாழ்கிறார். ஒரே மகன் பிரான்சில் இருக்கிறான். ஊருக்கு வந்து பல்லாண்டுகள் ஆயின, தொலைபேசி அழைப்புகளும் மெல்ல மெல்ல நின்றுபோயின. சென்ற ஆண்டு படிவத்தோடு வந்தவர், இதை அனுப்பாவிட்டால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டார். பணத்தை நிறுத்துவார்கள், பிறகு படிவத்தில் கண்ட உறவினருக்குக் கடிதம் எழுதி விசாரிப்பார்கள் என்றேன். படிவத்தில் மகனின் முகவரிதான் இருந்தது. அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார்.

"அவனுக்கே எழுதுவாங்களா?"

வெற்றுத் தாள்

சில மாதங்கள் கழித்து, அம்மாள் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று அறிந்து அவர் வீட்டிற்குச் சென்றேன். அடுப்பில் கஞ்சி இருந்தது. செபப் புத்தகத்திற்குள் அந்தப் படிவம், ஓரெழுத்தும் எழுதப்படாமல் இருந்தது. விதைக்காத, அறுக்காத பறவைகளை இறைவன் ஊட்டுகிறார் என்று எத்தனையோ பேரைத் தேற்றியவன் நான். அன்றோ, ஓய்வூதியம் நின்றுபோயிற்றே, மருந்துக்கு என்ன செய்வீர்கள் என்று கடிந்துகொண்டேன். அவர் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"நான் கேட்டா வேலையா இருக்கேன்றான். சர்க்கார் கேட்டா பதில் சொல்லித்தான ஆவணும்?"

நான்கு நிமிடங்கள்

பிரெஞ்சு அலுவலகத்தின் கடிதம் கிடைத்ததும் மகன் அழைத்தான், தாயை அல்ல, பழைய படிவத்தில் எழுதுபவனாக எண் குறித்திருந்த என்னை. காத்திருக்கச் சொல்லி விரைந்து சென்று, அம்மாளின் அருகே கைபேசியின் ஒலியை உயர்த்தி வைத்தேன். பாப்பியே, அதாவது படிவத் தாள், ஏன் போகவில்லை, யார் பொறுப்பு, உடனே கையெழுத்து வாங்க முடியுமா என்று அவன் வரிசையாகக் கேட்டான். அம்மாள் குறுக்கிட்டு, சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லி, நான்கே நிமிடப் பேச்சில் வைத்துவிட்டான். அவன் வருவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அணைந்த கைபேசியை அவர் என்னிடம் தரவில்லை. இரு கைகளாலும் பற்றியிருந்தார்.

"அவங்கப்பா குரலே வந்துடுச்சு முசே. கொண்டாங்க, இப்பக் கையெழுத்து போடறேன்."

விலையுயர்ந்த ஒரு முத்துக்காகத் தன் உடைமையெல்லாம் விற்ற வணிகனின் உவமையை நாற்பது ஆண்டுகளாக வியந்து வாசித்துவரும் நான், அந்த வணிகன் வீட்டில் அன்று உலைக்கு அரிசி இருந்திருக்குமா என்ற கவலையோடுதான் அந்தத் தாளை நிரப்பி, முத்திரை பெற்று, தபால் நிலையத்துக்கு ஓடினேன்.