நெஞ்சுக்குள் இருக்கும் மெசினின் சாட்சி

மூன்று நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இன்று காலை மானிப்பாயில் பஸ் ஏறி இதயநோய்க் கிளினிக்குக்குப் போனேன்.

இளம் டொக்டர் என் கால்களைப் பார்த்தார். வீக்கம் இல்லை.

"உது வீண் பயம் அம்மா. வீட்டை போய் ஓய்வெடுங்கோ."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தம்பி, என்ரை நெஞ்சுக்குள்ளை வைச்ச மெசின் இதயத்தின்ரை அழுத்தத்தை நாளாந்தம் கணிக்குது. அதைப் பாக்காமல் நான் போகமாட்டன்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அசையவில்லை.

கடைசியில் பெரிய டொக்டர் வந்து மெசினின் பதிவைத் திரையில் பார்த்தார். ஐந்து நாளாக அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நல்லகாலம், நீங்கள் விடேல்லை" என்று சொல்லி உடனே மருந்தைக் கூட்டினார்.

என் பேச்சை நம்பவைக்க ஒரு மெசின் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மெசின் வைக்காத பெண்களே, உங்கள் பேச்சை நம்பவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?