பரீட்சைக்குப் போதுமான பதில்கள்

சென்னையில் ஒரு கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள் என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. முழுவதும் படிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், கை முந்திக்கொள்ளும். பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வருகிறவர்கள், இவர்களைச் சமூக அறிவியலில் முனைவர் படிப்பு வரை கொண்டுபோவதுதான் நோக்கம் என்று போட்டிருந்தது. மூன்றுமே நான்தான். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள்.

இடம் கிடைத்ததைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "இத முடிச்சா வேல குடுப்பாங்களா?"

"வேல இல்லப்பா. பிஎச்டி போறதுக்கு வழி."

"அதுக்கு அப்புறம்?"

எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கோடை முடிவதற்குள் மேலே படிக்க ஒரு வழி தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரகடம் பக்கம் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். சூப்பர்வைசர் ஒருவரிடம் அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். என் பள்ளித் தோழிகளில் பாதிப் பேர் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறைவாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறாமலிருக்க என்னவேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

பயிற்சியின் முதல் நாளே எனக்குத் தலைகால் புரியவில்லை. மீனவக் குப்பத்திலிருந்து ஒருவன், ஏற்காட்டு மலையிலிருந்து ஒருத்தி, ஆம்பூரிலிருந்து வந்து என்னோடு அறையில் தங்கிய ஒருத்தி, இப்படிப் பல ஊர்க்காரர்கள். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் சொன்னார்: "இதுவரைக்கும் உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். இனிமேல் நீங்கள் எழுதுங்கள். உங்கள் தெருவைவிட நல்ல ஆய்வுக்களம் உங்களுக்குக் கிடைக்காது." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசி நாளில் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து பேராசிரியர்கள் வந்து எங்கள் ஆய்வுரைகளைக் கேட்பார்கள், பிடித்திருந்தால் தங்களிடம் விண்ணப்பிக்கச் சொல்வார்கள் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே தலைப்பைத் தேர்ந்துவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் கையில் சம்பளம் வந்த பிறகு, வீட்டில் முடிவெடுப்பது யார்?

களப்பணிக்கு ஊருக்கு வந்தேன். முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்த ஒரு பெண்மணி, "லோன் கம்பெனியா? எங்க வீட்ல யாரும் லோன் வாங்கல" என்றாள்.

"இல்லக்கா, நான் ஸ்டூடண்ட். உங்க பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசணும்."

"ஓடிபி கேப்பியா?"

கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த வீட்டில் ஒருவர் கிரில் கேட்டுக்குப் பின்னாலிருந்து, "அது நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிக்கினு இருக்குது. இன்னா விசயம், என்கிட்ட கேளு" என்றார். அவரிடம் கேட்டால் என் ஆய்வு என்னாவது!

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னா பாப்பா, மூஞ்சி தொங்கிக்கினு இருக்குது?"

"யாருமே பேச மாட்டேங்கறாங்கம்மா."

"பேடும் பேனாவுமா போய் நின்னா எவ பேசுவா? கணக்கெடுக்க வந்தவன்னு நெனப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவே?"

செவிலிமேட்டில் அம்மாவுக்குத் திறக்காத கதவு இல்லை. எங்கள் ஆட்களை வாசலோடு நிறுத்திப் பேசும் வீடுகளில்கூட அவள் உள்ளறைவரை போய்வருவாள், அளவெடுக்க வேண்டுமே. அப்போது முகூர்த்த மாதம். பட்டுப்புடவைகளோடு வந்த ஜாக்கெட் துணிகள் கட்டில் முழுக்கக் குவிந்து கிடந்தன. அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு எனக்காக வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் பேட்டி எடுக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவளே எழுந்து, "நாங்க அப்டி சமையக்கட்டுப் பக்கம் போறோம்பா, நீங்க பேசுங்க" என்று அந்த வீட்டுப் பெரியவர்களையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு ஒரே பெருமை.

பதில்கள் மழையாகக் கொட்டின. "முன்னல்லாம் எல்லாத்துக்கும் அப்பாவத்தான் கேப்பேன். இப்ப நானே முடிவு பண்றேன். சம்பளம் வந்ததுலருந்து என் பேச்சுக்கு வீட்ல மரியாத இருக்குது." ஒருத்தி சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். அதற்கடுத்தவளும். எங்கள் துறையில் இதற்கு சாச்சுரேஷன் என்று பெயர். புதிதாக யாரைக் கேட்டாலும் புதிதாக எதுவும் வராது என்ற நிலை. அது வந்துவிட்டால் பேட்டியை நிறுத்திக்கொள்ளலாம். மூத்த ஆய்வாளர்களுக்கே அதை எட்ட மாதக்கணக்கில் ஆகும் என்று படித்திருந்தேன். எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேடத்துக்கு போன் போட்டுத் துள்ளினேன்.

இருந்தாலும் இன்னும் ஒருத்தியிடம் கேட்டுவிடலாமே என்று போனேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியபடியே கொட்டாவி விட்டுக்கொண்டு அதே மூன்று வாக்கியங்களையும் அதே வரிசையில் சொன்னாள். சொல்லிவிட்டு, "சரியா சொன்னேனாக்கா?" என்றாள்.

"எது சரியா?"

"ஆன்ட்டி சொல்லிக் குடுத்தாங்களே. நடுவுல எதனா உட்டுட்டனா?"

போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினேன். "ஆன்ட்டி இன்னா சொன்னாங்க?"

"பாப்பா பரிட்சைக்கு வருது, கேட்டா இப்டி சொல்லுங்கன்னாங்க. எல்லார்கிட்டயும்தான் சொன்னாங்க. பஸ்ஸுல நாங்க ஒருத்திக்கு ஒருத்தி ஒப்பிச்சுப் பாத்துக்கினோம், தெரியுமா?" சிரித்தாள்.

"அப்ப நிஜத்துல உங்க வீட்ல எப்டி? இப்ப சொல்லு."

"நிஜம் உனக்கு எதுக்குக்கா? பரிட்சைக்கு இது போதாதா?" என்று எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்று அம்மாவிடம் கோபப்பட்டேனா என்றால், இல்லை. அவள் சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு எப்படிக் கோபப்படுவது?

"ஊருக்கு வந்த அன்னிக்கு நீதானே போன்ல உங்க மேடத்துகிட்ட கத்திக்கினு இருந்தே? சம்பளம் வந்தா முடிவு பொண்ணுங்க கைக்கு வரும், பேச்சுக்கு மரியாத வரும்னு. சரி, இதான் ஆன்சர்னு அதுங்ககிட்ட சொல்லி வெச்சேன். தூக்கக் கலக்கத்துல அதுங்க எதனா ஒளறி, உனக்கு மார்க்கு போயிடிச்சின்னா? அப்புறம் உங்கப்பா உன்னையும் அந்த பஸ்ஸுல ஏத்திடுவாரு." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன், தப்பா சொல்லிச்சுங்களா?"

"இல்லம்மா. கரெக்டாதான் சொன்னாங்க" என்றேன்.

மொட்டை மாடிக்குப் போய் மேடத்துக்கு போன் போட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். என் ஆய்வு போய்விட்டது, இனிப் புதிதாக எடுக்க நாளும் இல்லை. அவர் சிரித்துவிட்டார். "அட, அழாதே. இதுதான் உன் ஆய்வே! ஒரு பகுதி மக்கள் சேர்ந்து எப்படி ஒரு பதிலைத் தயாரிக்கிறார்கள்? ஆய்வாளருக்கு என்ன வேண்டும் என்று அவர்களே எப்படி ஊகிக்கிறார்கள்? உன் அம்மாவிலிருந்து தொடங்கு."

நான் எவ்வளவு சீக்கிரம் அழுகையை நிறுத்தினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. கண்ணைத் துடைத்த அதே கையால் முதல் பத்தியை போனிலேயே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன். அம்மா கீழே சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வரேம்மா, வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே அவளைப் பற்றி எழுதினேன். ஆய்வு விதிப்படி யார் பெயரும் போடவில்லை. அம்மாவை "அப்பகுதித் தையல்காரர் ஒருவர்" என்று குறிப்பிட்டேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட நிம்மதிகூட வந்தது.

கடைசி நாளுக்கு வீட்டார் வரலாம் என்றார்கள். அப்பாவுக்கு லோடு இருந்தது. அம்மா மட்டும் அரக்குப் பட்டு கட்டி, தானே தைத்த புது ஜாக்கெட் போட்டு, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவரிடமாகக் கூட்டிப்போய், "எங்கம்மா. காஞ்சிபுரத்துல டெய்லரா இருக்காங்க" என்று அறிமுகம் செய்தேன். வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் அவளது ஜாக்கெட்டின் ஆரி எம்பிராய்டரி வேலையைத் தொட்டுப் பார்த்து வியந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாராட்டு எந்த மொழியில் வந்தாலும் முகத்தில் தெரியுமே. அவள் பூரித்துப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் மேடை ஏறினேன்.

ஆங்கிலத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன். சாச்சுரேஷன் வந்துவிட்டதென்று துள்ளியதைச் சொன்னேன், இலேசாகச் சிரித்தார்கள். தையல்காரர் வீடு வீடாகப் பதிலைக் கொண்டுபோனதைச் சொன்னேன், சிரிப்பு கூடியது. அசல் குரல் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு மொழிபெயர்த்தேன்: "பாப்பா பரிட்சைக்கு வருது, கேட்டா இப்டி சொல்லுங்க." அரங்கமே சிரித்தது. சிலர் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரத்துக்கு முன் அந்தத் தையல்காரரை நானேதான் அவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்திருந்தேன்.

அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்பூர்த் தோழியிடம் அவள் என்ன சொன்னாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அது நான் சொன்னது. தமிழ்ல சொல்லிச்சே, அது நான் சொன்னதுதான்." தோழிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லையாம்.

ஆரி வேலையை வியந்த பேராசிரியர் நேராக என்னிடம் வந்தார். இப்படி நேர்மையான ஓர் ஆய்வுரையைக் கேட்டு நாளாயிற்று, எங்கள் துறைக்குக் கட்டாயம் விண்ணப்பி, நானே பரிந்துரைக்கிறேன் என்றார். அம்மாவுக்குச் சொன்னேன். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாங்கிவந்த மல்லாட்டையை எனக்கும் உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் கேட்டாள்: "ஆமா, நான் சொன்னத மைக்ல சொன்னியே. அதுக்கு ஏன் அத்தினி பேரு சிரிச்சாங்க? நல்லா இருந்துச்சின்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் மாடியில் எழுதியது ஒன்று, மேடையில் சொன்னது ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு அம்மாக்களைச் செய்து வைத்திருந்தேன்; மூன்றாவதாகவும் ஒன்றைச் செய்ய முடியவில்லை. சொன்னேன். பேட்டியில் பதில் சொல்லித்தரக் கூடாது என்பதை, அதனால் என் ஆய்வு வீணாகிவிட்டதை, வீணான கதையையே ஆய்வாகச் சொன்னதை, அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பதை.

அம்மா உரித்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பேரப் போட்டியா?"

"இல்லம்மா. யார் பேரும் இல்ல. ஒரு தையல்காரர்னுதான் எழுதியிருக்கேன். யாருன்னு தெரியாது."

"தெரியாதா?" என்றாள். "நான் அங்கதானே உக்காந்துக்கினு இருந்தேன் பாப்பா. கைய வேற தட்டினேன்."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாக எங்களைக் கடந்து போயின. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்த பஸ்ஸில் நம் தெருப் பெண்கள் இருப்பார்கள் என்று தேடுகிறாள் போல என்று நினைத்தேன்.

"அதுங்களுக்குத் தெரியுமா, இத சொல்லி சிரிச்சது?"

"தெரியாது."

"தெரிய வேணாம்" என்றாள். "உனக்காகத்தான் சொல்லிச்சுங்க."

செவிலிமேடு வரும்வரை அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அம்மா என்னோடு எப்போதும்போலத்தான் இருந்தாள். ஆனால் நான் போனில் பேச ஆரம்பித்தால் மெஷினை நிறுத்திவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். அந்தப் பெண்களில் யாராவது ஜாக்கெட் வாங்க வந்து, "ஆன்ட்டி, அக்கா பாஸா?" என்று கேட்டால், "அதயே கேளு" என்று என் பக்கம் கையைக் காட்டுவாள். "பாஸ்" என்பேன். அவர்கள் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் போது நம்முடைய கட்டுரை ஒன்றை இணைக்க வேண்டும். தையல்காரரை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று இரண்டு முறை பின்பக்கம் போய் நின்றேன். ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள், "இன்னா?" என்று நிமிர்ந்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பிவிட்டேன்.

கடைசியில் அதையே அனுப்பினேன். வேறு கட்டுரை என்னிடம் இல்லை.