கடைப் புடலங்காய்க்குக் கட்டின கல்

போன வருஷம் உங்கள் தோட்டத்தில் என்ன விளைந்தது என்று யாராவது கேட்டால், உப்பு என்றுதான் சொல்ல வேண்டும். உப்பளத்துக்குப் பக்கத்தில் மனை மலிவாக வருகிறதே என்று வாங்கிக் கட்டின வீடு எங்களுடையது. பின்னால் நாலு சென்ட் தோட்டம். ஆடிக் காற்றில் பந்தல் சாய்ந்தது. சரி போ என்று தூக்கி நிறுத்தி, மறுபடியும் விதை போட்டேன். கார்த்திகையில் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம், துறைமுகத்தில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"ஏளா, மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியாச்சு. மழை பலமா வருமாம்."

"கூண்டு ஏத்துத அன்னைக்கெல்லாம் மழை பெஞ்சிருதாக்கும்? போங்க, கைகாலக் கழுவுங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். டிவி, அரிசி மூட்டை, பத்திரம், வேதாகமம், மிக்ஸி என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில், சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதை டப்பாவை மறந்துவிட்டோம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மறந்தது நான்தான்.

நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. கொடியெல்லாம் அழுகிக் கிடந்தது. டப்பாவைத் திறந்தால் விதை கூழாகி நாறியது. உப்பளத்துத் தண்ணீரும் சேர்ந்து வந்ததால், வெயில் ஏறினதும் மண் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். ஆட்டுப்புழுக்கை கொண்டுவந்து கொட்டினேன். கடையில் வாங்கிப் போட்ட வெண்டை இரண்டு இலை விட்டுக் கருகியது. கத்தரி முளைக்கவே இல்லை. உமரிக்கீரை மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்து தழைத்தது. உப்பு மண்ணில் தானாக வருகிற கீரை அது. தேங்காய்ப்பூ போட்டு வதக்கித் தின்றோம், வேறென்ன செய்ய?

வெண்டையும் கத்தரியும் போனால் போகட்டும், விதை கடையில் கிடைக்கும். என் புடலை கிடைக்காது. இருபது வருஷத்துக்கு முன்னால் சாத்தான்குளம் சந்தையில் ஒரு பெரியவரிடம் வாங்கிய நாட்டு விதை. வெள்ளை வரியோடு ஆள் உயரம் வரும். கசப்பு என்ற பேச்சே கிடையாது. பிஞ்சிலேயே நுனியில் கயிற்றால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் வளையாமல் நேராக இறங்கும். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுபோய் ஆலயத்தில் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வருஷா வருஷம் என் புடலங்காய்க்குத்தான் போட்டி. அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

தை மாதம் பண்டிகை வந்தது.

"மழையில போச்சுன்னு சொல்லிரு. ஊருக்கே தெரியும்லா" என்றார் அவர்.

"அப்ப உமரியக் கொண்டு வைக்கச் சொல்லுதியளா?"

மார்க்கெட்டுக்குப் போய் வரி போட்ட காயாக மூன்று பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து நுனியில் சணலைச் சுற்றிக் காய்க்கொரு கல்லும் கட்டினேன். தோட்டத்துக் காய் என்று ஒரு பார்வைக்குத் தெரிய வேண்டாமா? அவர் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "பறிச்ச காய்க்கு எதுக்குளா கல்லு? இனிமேயா வளரப் போவுது?" என்று சிரித்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஏலத்தில் மூன்றையும் எடுத்தது டீச்சர். அடுத்த தெருக்காரர், ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறவர். மற்றவர்கள் கேட்கக் கேட்க விடாமல் ஏற்றிக்கொண்டே போய் எடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் திடீரென்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின பண்டிகையில், பறிக்கத் தவறிப் பழுத்துச் சிவந்துபோன ஒரு காயையும் கூடையில் வைத்திருந்தேன். அதை எடுத்ததும் டீச்சர்தான். பழுத்த காய் என்றால் உள்ளே முற்றின விதை இருக்கும். ஒரே ஒரு விதை அவரிடம் இருந்தாலும் போதும், என் புடலை பிழைத்துவிடும்.

கேட்கத்தான் கூச்சம். அதற்கும் முந்தின வருஷம் டீச்சர் என்னிடம் விதை கேட்டிருந்தார். "விதைக்குக் காய் விடல டீச்சர்" என்று கூசாமல் சொன்னேன். டப்பா நிறைய விதை இருந்தது. ஆலயத்தில் என் புடலைக்குப் பக்கத்தில் இன்னொரு புடலை நிற்பதா என்ற எண்ணம். யார் கேட்டாலும் அதே பதில்தான்.

மறுநாள் காலையில் போனேன். டீச்சர் அடுப்படியில் இருந்தார்.

"உக்காருளா. காய் மூணும் கடைக்காய்தான?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சரே தொடர்ந்தார்.

"உன் காய்ல கயிறு இறுக்கின தடம் பள்ளமா விழுந்திருக்கும். இதுல கயிறு மட்டும் இருக்கு, தடத்தக் காணும். வேற யாரும் எடுத்தா சும்மா இருப்பாவளா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாவ. அதான் நானே எடுத்துட்டேன்."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் வந்த காரியத்தைக் கேட்காமல் போக மனசில்லை. மழையில் விதை போனதைச் சொல்லி, "அந்தப் பழுத்த காய்ல விதை எடுத்து வச்சியளா டீச்சர்?" என்றேன்.

உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆவலோடு திறந்தேன். இருபது முப்பது விதை இருக்கும், அத்தனையிலும் ஓட்டை. வண்டு துளைத்துத் தவிடாகக் கொட்டியது.

"போன ஆடியிலயே போட்டிருக்கலாம்லா டீச்சர்? பந்தல் நிறையக் காய்ச்சிருக்குமே!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"எப்படிளா போட? நான் கேட்டப்ப நீ இல்லன்னுட்ட. குடுக்க உனக்கு மனசில்லன்னு தெரிஞ்ச பொறவு அதைப் போட்டு வளத்தா திருட்டுல்லா?" என்றார் டீச்சர். குரலில் கோபமே இல்லை. "என்னைக்காவது நீயே போட்டுக்கிடுங்கன்னு சொல்லுவன்னு வச்சிருந்தேன்."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.