நான் கழற்றிய ஹேண்ட்பிரேக் கேபிள்

தொண்ணூறுகளில் சூலூரில் என் பட்டறைக்குப் பிரபு தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். “அண்ணா, டிராக் ரேஸுக்கு எடையைக் குறைச்சுக் குடுங்க. பத்தலைன்னா நானும் இளைச்சுக்கறேனுங்க” என்று சிரித்தார்.

பின்சீட்டைக் கழற்றினேன். ஹேண்ட்பிரேக் கேபிளையும் எடுத்துவிட்டு லீவரை மட்டும் விட்டுவைத்தேன்; அதை இழுத்தால் கிர்ரென்று சத்தம் வரும், பிரேக் பிடிக்காது. வண்டி எடுக்க அவர் நண்பர்களோடு வந்தார். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. கேபிள் இல்லை என்று சொல்லாமலே சாவியைக் கொடுத்தேன்.

அன்று மாலை வீட்டுச் சரிவில் லீவரை இழுத்துவிட்டுக் கேட்டைத் திறக்க இறங்கியிருக்கிறார். வண்டி உருண்டு மோதியதில் வலது கால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் அம்மா, “ஏனுங்க தம்பி, ஹேண்ட்பிரேக் போட்டேன்னு சத்தியம் பண்றானுங்க. மறந்துபோட்டானுங்களா?” என்று கேட்டார்.

“மறந்திருப்பாருங்க” என்றேன்.

பிரபு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படித்தானிருக்கும்மா” என்றார்.

தன் கை செய்ததையே அவர் நம்பாதபடி செய்துவிட்டேன். அது இன்றும் எனக்கு ஆறவில்லை.